கடலுக்கு முதுகு காட்டிய ஆறு

கினி நாட்டு மலையில் ஓர் ஊற்று.
மேற்கே கடல்.
காகம் கிளம்பினால் ஒரே பகலில் போய்ச் சேரும்.
வேறு ஆறாக இருந்தால் அங்கேதான் ஓடியிருக்கும்.
நைஜரோ
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பாலைவனம் பார்க்கப் புறப்பட்டது.

கோபமா? இல்லை.
மேற்கே மேடு, கிழக்கே சரிவு.
தண்ணீருக்குச் சரிவு மட்டும்தான் தெரியும்.

மாலி நாட்டுக்குள் வந்தது.
அங்கே நிலம் தோசைக்கல் போலத் தட்டை.
எந்தப் பக்கம் போவது?
குழம்பிப்போய்
எல்லாப் பக்கமும் போனது ஆறு!
வாய்க்கால் வாய்க்காலாய், குட்டை குட்டையாய்,
புல்லுக்குள், மரத்தடியில்,
ஆட்டுப்பட்டியின் வாசல்வரைக்கும்.

கொஞ்சம் மேடாக இருந்த இடமெல்லாம் ஊர்.
கூம்பாவின் ஊரும் அப்படி ஒரு மேடுதான்.
நாற்பத்தொரு வீடு, ஒரு மண் மசூதி,
ஒரு பள்ளிக்கூடம், அதற்கு அரைக் கதவு.
"கீழே இவ்வளவு இடம் கிடக்கிறதே,
ஏன் இப்படி நெருக்கியடித்துக் கட்டினீர்கள்?"
மே மாதத்தில் வந்த புது வாத்தியார் கேட்டார்.
வகுப்பே சிரித்தது.
"நவம்பரில் கேளுங்கள், சார்!"

நவம்பரில் அவர் கேட்கவில்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
படகில் வந்தார்.

கூம்பா போசோ வீட்டுப் பெண்.
மீன் போகும் இடம் அவர்கள் போகும் இடம்.
பாய், சட்டி, வலை, இரண்டு கோழி,
எல்லாம் ஒரே படகில்.

பக்காரி வீட்டில் நெல்.
வெள்ளம் ஏற ஏற அந்த நெல்லும் ஏறும்,
மூக்கை மட்டும் வெளியே நீட்டி
நீந்துகிறவனைப் போல.

ஹம்மதி ஃபுலானிப் பையன்.
மழைக்காலம் முழுக்க மாடுகளோடு
தொலைதூரப் புல்வெளியில் இருப்பான்.
தண்ணீர் வடிந்தால் திரும்பி வருவான்.
வடிந்த பள்ளத்தில் புல் அப்படி இனிக்கும்!

பள்ளம் ஒன்றுதான்.
முதலில் மீன், பிறகு நெல், பிறகு மாடு.

அந்த வருஷம் வெள்ளம் தாமதமாய் வந்தது.
வடியவும் மனமில்லை அதற்கு.
நெல் இன்னும் பச்சை.
அதற்குள் எதிர்க்கரையில் மாடுகள்!
"அறுநூறு கொம்பு!" என்றாள் கூம்பாவின் தங்கை.
"முந்நூறு மாடு என்று சொல்லேன்" என்றான் பக்காரி.
அவனுக்கு அழுகை வந்தது.

"இறங்கினால் எங்கள் நெல் போச்சு!"
இந்தக் கரை கத்தியது.
"இறங்காவிட்டால் எங்கள் கன்று போச்சு!"
அந்தக் கரை கத்தியது.
நடுவே ஆறு,
காது கேளாதது போல.

கூம்பா கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சி நட்டாள்.
தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு கோடு.
பள்ளம் காயும் மட்டத்தில் இன்னொரு கோடு.
காலையில் பார்த்தாள்: ஒரு விரல் இறங்கியிருந்தது.
மறுநாள் இரண்டு.
மூன்றாம் நாள் ஓர் ஆடு தண்ணீர் குடிக்க வந்து
குச்சியைச் சாய்த்துவிட்டது.
திட்டிக்கொண்டே மறுபடி நட்டாள்.

படகை எடுத்துக்கொண்டு அக்கரை போனாள்.
"இன்னும் பன்னிரண்டு நாள்."
"யார் சொன்னது?"
"குச்சி."
ஹம்மதியின் அக்கா சிரித்துவிட்டாள்.
ஒரு சுரைக்குடுக்கை நிறையப் பால் ஊற்றித் தந்தாள்.
மாடுகளை அக்கரை மேட்டிலேயே மேய விட்டார்கள்.

பன்னிரண்டு இல்லை, பதினான்கு ஆனது.
(ஆட்டைத்தான் கேட்க வேண்டும்.)
அதற்குள் பக்காரி வீட்டில் அறுப்பு முடிந்தது.
படகில் மீன் போனது, பால் வந்தது.
பதினைந்தாம் நாள்
ஆறு முழுக்கக் கொம்புகள் நீந்தின.

ஆறு இதையெல்லாம் நின்று பார்க்கவில்லை.
வடக்கே போய்ப் பாலை மணலைத் தொட்டது.
அங்கே ஒட்டகம் உப்புப் பாளம் சுமந்து வரும்.
படகு தானியம் சுமந்து வரும்.
படகுக்கு மணலில் ஓடத் தெரியாது,
ஒட்டகத்துக்குத் துடுப்புப் போடத் தெரியாது.
இரண்டும் நிற்கிற இடத்தின் பக்கம்
சந்தை கூடியது, ஊர் வளர்ந்தது:
திம்புக்டு.

அப்புறம்தான் ஆற்றுக்குக் கடல் ஞாபகம்!
கிழக்கே வளைந்து, தெற்கே திரும்பி,
நாலாயிரம் கிலோமீட்டர் சுற்றி
ஒருவழியாய்ப் போய்ச் சேர்ந்தது.

"நைஜர் ஆற்றை வரையுங்கள்" என்றார் வாத்தியார்.
கூம்பா வில் போல ஒரு கோடு வளைத்தாள்.
கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி.
குச்சிக்குப் பக்கத்தில்
கொஞ்சம் பெரிதாகவே
ஓர் ஆடு.